கடவுச்சீட்டில் இலக்கணம் இல்லை



தென்கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கத் தரப்படும் ஈ-2 விசா, பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே உரியது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. அவர்களுக்கு எந்தப் பாடத்திலாவது ஒரு பட்டம் இருந்தால், ‘ஹாக்வோன்’ எனப்படும் தனியார் பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்துவிடலாம். 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் நமக்கும் கதவைக் கொஞ்சம் திறந்தது. ஆனால் பள்ளிகளில் உதவி ஆசிரியராக மட்டும். அதற்கும் பட்டத்தோடு ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும்.

என்னிடம் பிளஸ் டூ படித்த ஒரு பெண் எம்.ஏ., பி.எட். முடித்து, ஏழு வருடம் வகுப்பெடுத்தவள். அங்குள்ள ஒரு பயிற்சிப் பள்ளி தொலைபேசியில் அவளிடம் நன்றாகவே பேசியது. எந்த நாட்டுக் குடியுரிமை என்று தெரிந்ததும் பேச்சு நின்றுபோனது. விதி அப்படி இருக்கும்போது அந்தப் பள்ளியை மட்டும் நோவதில் பயனில்லை.

‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்பது தவறு என்று தாய்மொழிக்காரர் உடனே சொல்லிவிடுவார். ஏன் தவறு என்று குழந்தைக்கு விளக்க, இலக்கணம் படித்திருக்க வேண்டும். நம்மவர்கள் பலரின் உச்சரிப்பில் குறை உண்டு. 31 ஆண்டு கற்பித்தவள் என்ற முறையில் இதை மறைக்க மாட்டேன். அதனால்தான் கேட்கிறேன்: பேச்சுக்கும் எழுத்துக்கும் கற்பிக்கும் திறனுக்கும் ஒரே தேர்வை எல்லா நாட்டவருக்கும் வைக்கட்டும். டொரன்டோவிலிருந்து வருபவரும் தஞ்சாவூரிலிருந்து போகிறவரும் அதை எழுதட்டும்.

- ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, தஞ்சாவூர்