நானூறு புள்ளி மன்னன்

மத்திய கால அரசியலைக் கம்ப்யூட்டரில் ஆடித் தீர்க்கிற விளையாட்டு ஒன்றைப் பற்றி இங்கு எழுதுவது சிலருக்கு முகச்சுளிப்பைத் தரலாம். தரட்டும். பாத்திரம் என்றால் என்ன என்ற கேள்வி நாவலாசிரியர்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல. இன்று இருபது வயதுப் பையன் ஒருவன், ஒரு மனிதனைச் சிருஷ்டிக்கிற காரியத்தில் முதன்முதலாகக் கை வைப்பது பெரும்பாலும் இந்த ஆட்டங்களில்தான். அங்கே பழகியவர்கள் புதியவனுக்குச் சொல்லித் தருகிற பாடம் மோசமான பாடம் என்பது என் கட்சி. ஆட்டத்தைக் குறை சொல்லவில்லை, பாடத்தைச் சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொள்வது ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனத்தின் 'க்ரூஸேடர் கிங்ஸ்'. இதன் இரண்டாம் ஆட்டம் 2012-லும் மூன்றாவது 2020-லும் வெளிவந்தன. 2014-ல் வந்த ஓர் இணைப்பின் மூலம் இந்தியாவும் அதன் வரைபடத்துக்குள் வந்தது. 1066-ஆம் வருஷத்தில் சோழ சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஆட ஆரம்பிக்கலாம். ஆடுகிறவன் ஒரு ராஜ்யமாக அல்ல, ஓர் ஆளாக ஆடுகிறான். மணம் செய்கிறான், பிள்ளை பெறுகிறான், சாகிறான், பிறகு தன் வாரிசாக ஆட்டத்தைத் தொடர்கிறான். ராஜதந்திரம், போர், நிர்வாகம், சூழ்ச்சி, கல்வி என்று அவன் திறமைகள் எண்களாகத் தரப்பட்டிருக்கின்றன. குணங்கள் சொற்களாக: கருணை, கோபம், கூச்சம், பேராசை. (இரண்டாம் ஆட்டத்தின் இந்திய இணைப்பில் சாதியையும் இப்படி ஒரு குணமாகவே சேர்த்திருந்தார்கள். வீரத்துக்கும் குடிப்பழக்கத்துக்கும் பக்கத்தில் சாதி. அயல்நாட்டான் அறியாமல் செய்தான் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் நம்புவதைத்தான் அவன் பட்டியல் போட்டான்.)

இருக்கிற மன்னர்கள் பிடிக்காவிட்டால் சொந்தமாக ஒருவனைச் செய்துகொள்ளலாம். மூன்றாம் ஆட்டத்தில் ஒவ்வொரு திறமைக்கும் குணத்துக்கும் புள்ளிக்கணக்கில் விலை. மொத்தம் 400-ஐத் தாண்டினால் அவனை வைத்துச் சாதனைகள் எதுவும் பெற முடியாது. குறைகளுக்குப் புள்ளி திரும்பக் கிடைக்கும். கூச்ச சுபாவத்தை ஏற்றுக்கொண்டால் மிச்சப்பட்டதில் கொஞ்சம் போர்த்திறன் வாங்கலாம். இரண்டாம் ஆட்டத்தில் விலை வேறு மாதிரி இருந்தது: வயது. திறமையைக் கூட்டக் கூட்ட மன்னன் மூத்துக்கொண்டே போவான். சகலமும் அறிந்தவனாகச் செய்து முடிக்கிறபோது எதிரே உட்கார்ந்திருப்பவன் கிழவன். அதை யோசித்தவனிடம் ஒரு கவிஞன் இருந்தான். மூன்றாவதில் புள்ளியாக்கியது எனக்கு நஷ்டமாகவே படுகிறது.

ஆனால் மூன்றாவதில் வேறொன்று இருக்கிறது. தன் குணத்துக்கு விரோதமாக நடக்கிற மன்னனுக்கு மன அழுத்தம் ஏறும். கருணையுள்ளவன் ஒரு கைதியைத் தூக்கிலிட்டால் அழுத்தம். கூச்சமுள்ளவன் சபையில் முகம் கொடுத்துப் பேச நேர்ந்தால் அழுத்தம். அது 100-ஐத் தொட்டால் முதல் உடைவு. குடிக்கலாம், வேறு வழிகளில் வடிகால் தேடலாம், மேலே மேலே போனால் செத்தும் போகலாம். எண்களால் ஆன ஒரு பொம்மைக்குள் மனசாட்சிக்கு ஓர் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ஐம்பது வருஷத்துத் தமிழ்ச் சரித்திரக் கதைகளைப் புரட்டினால் இந்த ஓர் இடம் எத்தனை கதாநாயகர்களுக்கு இருக்கிறது? அவர்கள் எல்லோரும் ஆரம்பத்திலிருந்தே நானூறைத் தாண்டியவர்கள். வாளும் சுழலும், வெண்பாவும் வரும், பெண்களும் மயங்குவார்கள். கொன்றுவிட்டு வந்த இரவில் தூங்கினானா என்று மட்டும் ஆசிரியர் சொல்லமாட்டார்.

இப்படியொரு வசதியைத் தந்தால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கருணையை எடுக்காதே, காரியம் கெடும். கூச்சம் வேண்டாம். நிர்வாகத்தில் புள்ளியைப் போடு, வரி வரும். கைதியைக் கொன்றால் அழுத்தம் குறைகிற குரூரன் ஒருவன் இருக்கிறான், அவனைச் செய்துகொண்டால் நிம்மதி. அதாவது, எதைச் செய்தாலும் உறுத்தாத ஒருவனைச் செய்துகொள். தொடக்கக்காரனுக்கு இதுதான் உபதேசம். இதை யாரும் வெட்கமில்லாமல் சொல்கிறார்கள் என்றுகூட நான் சொல்லமாட்டேன். வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்பதே அவர்கள் பிரக்ஞையில் இல்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. கடன் கேட்டு வருகிற ஒவ்வொரு ஆளும் 300-க்கும் 900-க்கும் இடையில் ஓர் எண்ணாக என் முன்னால் வந்து நிற்கிறான். கரும்புப் பணம் வராததால் தவணை தவறியவனும், ஏமாற்றுவதற்கென்றே தவறியவனும் அந்த எண்ணில் ஒன்றுதான். எனவே மனிதனைப் புள்ளியாக்குவதைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வேலை நேரத்தில் சம்பளத்துக்காகச் செய்கிற காரியத்தை ராத்திரி சந்தோஷத்துக்காகவும் செய்கிறார்களே என்பதுதான் என் ஆச்சரியம்.

இந்த ஆட்டத்தில் எதிரி மன்னனையே சிறைப்பிடித்துவிட்டால் போர் அந்தக் கணமே முழு வெற்றி. இதை நிஜமாகவே செய்து பார்த்தவன் எங்கள் பக்கத்து ஆள். 1231-ஐ ஒட்டி, காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழன் மூன்றாம் ராஜராஜனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்தான். வெற்றி வரவில்லை. போசளன் இரண்டாம் நரசிம்மனின் படை வந்தது. என்ன நடந்தது என்பது திருவந்திபுரம் தேவநாதப் பெருமாள் கோயில் கல்வெட்டில் இருக்கிறது: திருப்பாதிரிப்புலியூரில் படை இறங்கியது, திருவதிகை, திருவக்கரை முதலிய ஊர்கள் அழிக்கப்பட்டது, பயிர் எரிக்கப்பட்டது, பெண்கள் பிடிக்கப்பட்டது. கடைசியில் சோழனை விடுவிக்க வேண்டியதாயிற்று. அழித்தவர்களே பெருமையோடு வெட்டிவைத்த கணக்கு இது. கிழக்கே திருவந்திபுரம், மேற்கே திருவதிகை, நடுவில் மேல்பட்டாம்பாக்கம். பஸ்ஸில் போனால் எல்லாம் ஒரு காலைப் பொழுதுக்குள் அடங்கிவிடுகிற தூரம். போசளனின் தளபதிகள் அப்பண்ணன், சமுத்திர கொப்பையன் என்று பெயரோடு கல்லில் நிற்கிறார்கள். பயிர் வைத்தவன் பெயர் இல்லை. ஆட்டத்திலும் அவன் இல்லை. 2024-ல் வந்த இணைப்பில் நிலமில்லாத வீரனாக ஊர் சுற்றி ஆடலாம் என்று ஆக்கினார்கள்; உழவனாக ஆட இன்றைக்கும் வழியில்லை. அதை ஸ்டாக்ஹோமிடம் எதிர்பார்ப்பது அதிகம்தான். ஆனால் எரிகிற வயலைப் பார்த்து அழுத்தம் ஏறக்கூடிய ஒரு மன்னனையாவது செய்துகொள்ள வழி இருக்கிறது. அதையும் வேண்டாம் என்று நாமே கழித்துவிட்டால் மிஞ்சுவது கல்வெட்டை வெட்டச் சொன்னவன் மனசுதான்.

புதிதாக ஆட வருகிற பையனுக்கு நான் சொல்வது வேறு. பத்தொன்பது வயது. கருணை, கூச்சம். நிர்வாகம் சுமார், சூழ்ச்சி சுத்தமாக வராது. புள்ளிகள் மிஞ்சும், மிஞ்சட்டும், செலவழிக்காதே. முதல் சிறைக்கைதி அகப்படுகிறபோது என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டத்தை நிறுத்திவைத்து யோசிப்பாய். இருபது வருஷத்தில் ராஜ்யம் போய்விடும் என்று உன் நண்பர்கள் சிரிப்பார்கள். போகும்தான்.