மலைக்கு மலை வெயில் வேறு

தோட்டப் பகுதிகளுக்குச் சூரிய மின்சாரம் கொண்டுவர விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது தகட்டின் விலையை அல்ல. அந்த லயத்தின் மேல் மழைக்காலத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதையே கேட்க வேண்டும். இதைக் கேளாமல் ஒரே அளவுப் பொதியை எல்லா இடங்களுக்கும் வழங்குவது எமது மக்களுக்குச் செய்யும் உதவியாகாது.

மின்சாரத்தில் மலையகத்தின் நிலை விந்தையானது. 1950 முதல் லக்ஷபான நீர்மின் நிலையம் தோட்டங்களின் நடுவே நின்று நாட்டுக்கு ஒளி தருகிறது. அந்தக் கம்பிகள் தலைக்கு மேலே கடந்து சென்ற லயங்களிலோ, பிள்ளைகள் தலைமுறைகளாகக் குப்பி விளக்கில் படித்தார்கள். இன்றும் முறையான இணைப்பில்லாத லயக் காம்பராக்கள் உண்டு. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானபோது, குப்பி விளக்கும் ஏழையின் விளக்காக இல்லாமல் போயிற்று. ஆகவே சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. எந்த அளவில் என்பதுதான் கேள்வி.

2003இல் அமெரிக்கத் தேசிய மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடம் இலங்கையின் சூரிய ஒளியை மதிப்பிட்டது. ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4.5 முதல் 6 யூனிட் வரை என்பது அதன் கணக்கு. உச்சி வெயில் அவ்வளவு மணி நேரம் அடிப்பதற்கு இது சமம். ஆனால் இது ஆண்டுச் சராசரி. சராசரி வெயிலில் ஜூலை மாதத்து விளக்கு எரியாது. செய்மதித் தரவுகளை நம்புவோரும் கவனிக்க வேண்டும்: நாஸா நிறுவனம் இலவசமாகத் தரும் வெயில் தரவில் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மூடுபனி சூழ்ந்த மலைமுகடும் வெப்பமான சமவெளியும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

எமது மலைகளின் வெயிலை அறியச் செய்மதி வேண்டியதில்லை, தேயிலையே போதும். ஹட்டன், திம்புள்ளை, மஸ்கெலியா பக்கத்தில் தரமான தேயிலை கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. ஊவாப் பக்கத்தில் அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. வரண்ட காற்றும் வெயிலும் இருக்கும் காலமே தரமான தேயிலைக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவை மழையில் மூழ்கடிக்கும்போது, மலையின் மறுபக்கத்தில் வெலிமடையும் பண்டாரவளையும் காய்கின்றன. ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவக்காற்று வந்ததும் ஊவாவின் முறை. ஆகவே ஹட்டனுக்கான கணக்கை ஜூலையில் போட வேண்டும். பதுளைக்கான கணக்கை டிசம்பரில் போட வேண்டும்.

ஒரு சிறு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 5 வாட் மின்குமிழ்கள் மூன்று, நான்கு மணி நேரம்: 60 வாட் மணி. இரண்டு கைத்தொலைபேசிகள்: 20. சிறிய 20 வாட் தொலைக்காட்சி, மூன்று மணி நேரம்: 60. மொத்தம் 140 வாட் மணி. பற்றரியிலும் கம்பிகளிலும் ஏற்படும் இழப்பு போக, தகடு தருவதில் 60 சதவீதம் பயன்படும் என்று கொண்டால், தகடு நாள்தோறும் ஏறக்குறைய 235 வாட் மணி தர வேண்டும். ஐந்து மணி நேர வெயிலுள்ள ஊரில் 50 வாட் தகடு போதும். மழை மாதத்துக்கு மூன்று மணி நேரமே என்று வைத்தால் 80 வாட் தேவை. அங்கே 50 வாட் தகட்டை வைத்தால் தேவையில் மூன்றில் இரண்டு பங்குகூடக் கிடைக்காது.

பற்றரியும் அப்படியே. மூன்று நாள் தொடர்ந்து மூடிக்கிடக்கும் வானத்தைத் தாங்க, 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி 70 அம்பியர் மணி அளவில் இருக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் எடுக்கவும் கூடாது. முழுமையாக மின்னேறாமல் மாதக்கணக்கில் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் படிவு இறுகி, அது விரைவில் செத்துவிடும். நட்டப்படுவது விற்றவர் அல்ல. கொழுந்து பறித்துத் தவணை கட்டும் தாய், எரியாத விளக்குக்குத் தொடர்ந்து பணம் கட்டுகிறாள்.

"பெரிய தகடு கட்டுபடியாகாதே" என்பார்கள். நியாயமான கேள்வி. அப்படியானால் மழைக்காலத்தில் தொலைக்காட்சி இயங்காது என்பதை வாங்குமுன்பே சொல்லிவிட வேண்டும். செலவில்லாத வழிகளும் உண்டு. மலையில் பெரும்பாலும் காலையில் வானம் தெளிந்து, பிற்பகலில் முகில் மூடுகிறது. ஆதலால் காலை வெயில் விழும் கூரைப் பக்கமே நல்லது. நிழல் மரத்தின் ஒரு கிளை நிழல்கூட முழுத் தகட்டின் சக்தியையும் வெகுவாகக் குறைத்துவிடும். மழைநீர் தூசியைக் கழுவிச் செல்ல 10 பாகைச் சரிவாவது வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. வெயில் இல்லாத மாதங்களில்தான் எமது ஓடைகள் நிறைந்து ஓடுகின்றன. 1997 முதல் 2011 வரை உலக வங்கிக் கடனில் நடைபெற்ற இரு திட்டங்கள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் வழங்கியதோடு, கிராமியச் சிறு நீர்மின் திட்டங்களுக்கும் உதவின. ஓடை அருகிலுள்ள லயங்கள் இரண்டையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

உதவும் நிறுவனங்களும் கடன் தரும் சங்கங்களும் இனி ஒரு நிபந்தனை விதிக்கட்டும்: மிக மோசமான மாதத்தில் எத்தனை மணி நேரம் விளக்கு எரியும் என்பதை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். தோட்டத்து இளைஞர் மன்றங்கள் ஓர் ஆண்டுக்கு நாள்தோறும் வெயில் தெரிந்த நேரத்தைக் கொப்பியில் குறித்து வரட்டும். அந்தக் கொப்பி கையிலிருந்தால் விற்பவரிடம் எமது மக்கள் கணக்குக் கேட்கலாம்.