வாங்குவது எப்போது நோயாகிறது?

கைத்தொலைபேசியில் ஒரு படத்தைத் தொட்டால் பொருள் படலைக்கு வந்துவிடுகிறது. காசைப் பொதி வரும்போது கொடுத்தால் போதும். நல்ல வசதிதான். ஆனால், வந்த பொதியைப் பிரிக்காமலே மூலையில் வைத்துவிட்டு அடுத்ததைத் தேடும் பெண்களையும் என் பணியில் சந்திக்கிறேன். “ஏன் வாங்கினனான் எண்டு எனக்கே விளங்கேல்லை அக்கா” என்பார்கள். வீட்டாரோ “ஊதாரி” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

எத்தனை பொருள் வாங்கினோம் என்பது இதற்கு அளவு அல்ல. இடம்பெயர்வில் சட்டி பானை முதல் எல்லாவற்றையும் இழந்தவள், வீடு கட்டியதும் அடுத்தடுத்து வாங்கத்தான் செய்வாள். அது தேவை. தேவைக்கும் அடிமைத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிய, நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட அளவுகோல் உதவும். அது ஏழு விடயங்களைக் கேட்கிறது:

1. எந்நேரமும் வாங்குவது பற்றியே நினைக்கிறீர்களா?
2. மனம் ஆறுவதற்காக வாங்குகிறீர்களா?
3. அதனால் அன்றாடக் கடமைகள் கெடுகின்றனவா?
4. அதே திருப்திக்கு மேலும் மேலும் வாங்க வேண்டியுள்ளதா?
5. குறைக்கத் தீர்மானித்தும் முடியவில்லையா?
6. வாங்க முடியாதபோது மனம் வாடுகிறதா?
7. உங்கள் நலமே பாதிக்கப்பட்டுள்ளதா?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. “ஆம்” என்றால் 3, “முற்றிலும் ஆம்” என்றால் 4. நான்கு கேள்விகளுக்காவது இப்படி வந்தால் கவனம் தேவை. ஆனால், இது ஓர் அறிகுறி மாத்திரமே. நோயென முடிவுசெய்ய வேண்டியவர் வைத்தியர்.

சகோதரிகளே, இரண்டாவது கேள்வியில் சற்று நில்லுங்கள். நித்திரை வராத இரவில், காணாமற்போனவரின் நினைவு வரும்போது, பலரின் விரல் தொலைபேசியைத் தேடுகிறது. ஓடர் செய்யும் கணத்தில் கிடைக்கும் ஆறுதல், பொதி வருமுன்னரே தீர்ந்துவிடுகிறது. கடன் மாத்திரம் மிஞ்சுகிறது. அங்கே ஆற்றவேண்டியது துயரத்தை. ஏச்சு அதை ஆற்றாது.

வாங்கும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும் மனநிலையையும் கொப்பியில் குறியுங்கள். விற்பனைச் செயலிகளின் அறிவித்தல்களை நிறுத்துங்கள். ஓடருக்கு முன் ஓரிரவு பொறுங்கள். நகையை அடகு வைக்கவோ நுண்கடன் எடுக்கவோ முன்னர் நம்பிக்கையான ஒருவரிடம் கதையுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். உதவி கேட்பதில் வெட்கமில்லை.