இரண்டாவது பேஸ் கிட்டார் எதற்கு?

நேசித்து வாசிக்கும் பேஸ் கிட்டார் ஒன்று கையில் இருக்க, இரண்டாவதைத் தேடும் வாலிபர் பலர் முதலாவதின் விலையுயர்ந்த மறுபிரதியையே வாங்கிவிடுகின்றனர். (பளபளக்கும் நிறத்துக்கு இதில் பெரும் பங்குண்டு.) முந்தினது தராததைப் பிந்தினது தர வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை எடுத்துக்கொள்வோம். 1951இல் பிறந்த அக்கருவியின் ஓசை பருத்தது, உறுதியானது. பாடலைத் தாங்கி நிற்பது. அதற்குத் துணையாகப் பலரும் சொல்வது 1960இல் வந்த ஜாஸ் பேஸ். இரண்டு பிக்கப்புகளும் ஒடுங்கிய கழுத்தும் உடைய அது, விரல் நகர்வுகளைத் துலக்கமாக ஒலிக்கும். ஆயினும் இரண்டிற்கும் கம்பிகள் நான்கே, அடியெல்லையும் ஒன்றே. ஆராதனையில் பாடுகிறவரின் குரலுக்கேற்ப ஈ பிளாட்டுக்குச் சுருதி மாறினால், கம்பியைத் தளர்த்தாமல் அந்த ஆழத்துக்கு இறங்க இயலாது. ஐந்து கம்பிக் கருவியோ பி வரை, ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். நான் அதையே தெரிந்துகொள்ளச் சொல்வேன்.

ஆனால் ஒன்றை இரவல் பெற்று, ஆலயத்து ஒலிபெருக்கியில் முதலில் வாசித்துப் பாருங்கள். சிறிய பெட்டியில் அந்த ஐந்தாம் கம்பி வெறும் கரகரப்பாகவே கேட்கும். அப்படியாயின், சேர்த்த பணம் நல்ல ஒலிபெருக்கிக்கே போகட்டும். பிரியமான பழைய கிட்டாரும் அதில் இன்னும் நன்றாக ஒலிக்கும்.