பயந்து ஆடவைத்த கோச்சும், பயந்து பாடம் நடத்திய டீச்சரும்



போன பதிவில் முருங்கைக்கீரை பற்றி எழுதிய டீச்சர் இந்த முறை கால்பந்து பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காதீர்கள். உங்கள் சார் இருந்தவரை உலகக் கோப்பை, யூரோ கோப்பை எது வந்தாலும் நடுராத்திரியில் எழுப்பி என்னையும் டிவி முன்னால் உட்காரவைப்பார். அவருக்காகப் பார்க்க ஆரம்பித்தது, அவர் போன பிறகும் விடவில்லை. இப்போது என் பக்கத்தில் உட்காருவது பேரன். பத்தாம் வகுப்பு. அவன் இங்கிலாந்து கட்சி.

ஞாயிறு ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு பெர்லினில் தொடங்கிய யூரோ 2024 இறுதி ஆட்டத்தை இருவரும் பார்த்தோம். ஸ்பெயின் 2, இங்கிலாந்து 1. செவ்வாய்க்கிழமை இங்கிலாந்து கோச் கேரத் சவுத்கேட் பதவி விலகிவிட்டார். "ஒழிஞ்சார் ஆச்சி" என்றான் பேரன். லண்டனில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர், "டீச்சர், எட்டு வருஷமா இந்த மனுஷன் எங்க உயிரை வாங்கிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்.

இரண்டு பேருடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை யோசிக்க யோசிக்க எனக்கு என் வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆட்டம் பார்க்காதவர்களுக்காக. ஆட்ட நாளன்று கோச்சின் கையில் இருப்பது மூன்றே விஷயம். யாரை முதலில் இறக்குவது, யாரை எப்போது மாற்றுவது, முன்னேறி ஆடச் சொல்வதா பின்னால் நின்று காக்கச் சொல்வதா. சவுத்கேட் மேல் ரசிகர்களுக்கு உள்ள குறை இந்த மூன்றிலும்தான். கையில் நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு பயந்து பயந்து ஆடவைக்கிறார் என்பதுதான் அது.

2018 ஜூலை 11, மாஸ்கோ. உலகக் கோப்பை அரையிறுதி. ஐந்தாவது நிமிடத்தில் டிரிப்பியர் ஒரு ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். இங்கிலாந்து முன்னிலை. நேரம் போகப் போக அணி பின்வாங்கியது. 68-வது நிமிடத்தில் குரோஷியா சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் போட்டு ஜெயித்தது.

2021 ஜூலை 11, லண்டன் வெம்ப்ளி. சரியாக மூன்று வருடம் கழித்து அதே தேதி. யூரோ இறுதி ஆட்டம். இரண்டாவது நிமிடத்திலேயே லூக் ஷா கோல் போட்டுவிட்டார். சொந்த ஊர், சொந்த மைதானம், சொந்தக் கூட்டம். இன்னொரு கோல் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் மறுபடியும் பின்வாங்கல். பந்து பெரும்பாலும் இத்தாலிக்காரர்களின் காலில். 67-வது நிமிடத்தில் பொனுச்சி சமன் செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாஸ்கோவிலும் வெம்ப்ளியிலும் சவுத்கேட் செய்த முதல் ஆள் மாற்றம், எதிரணி சமன் செய்த பிறகுதான் நடந்தது. அணி தடுமாறுவது டிவியில் பார்க்கிற எனக்கே தெரிந்தது. மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? அடி விழும்வரை காத்திருந்தார்.

இந்த யூரோவிலும் அப்படித்தான். ஸ்லோவேனியாவோடு ஒரு கோலும் இல்லாத டிரா முடிந்து, ரசிகர்களைப் பார்த்துக் கைதட்டப் போன சவுத்கேட் மேல் பிளாஸ்டிக் டம்ளர்களை எறிந்தார்கள். எறிந்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த ஆட்டத்தில் ஸ்லோவாக்கியா 25-வது நிமிடத்தில் கோல் போட்டது. இங்கிலாந்தின் முதல் மாற்றம் 66-வது நிமிடத்தில். ஐவன் டோனி என்ற முன்கள வீரரை இறக்கியது ஆட்டம் முடியப்போகிற கடைசி நிமிடங்களில். அதன்பின் பெல்லிங்காம் தலைகீழாகப் பறந்து அடித்த கோலால் அணி பிழைத்தது. கூடுதல் நேரத்தின் முதல் நிமிடத்திலேயே கேன் வெற்றி கோல் போட்டார். அவருக்குத் தலையால் பந்தைத் தள்ளிக் கொடுத்தது அதே டோனி. சுவிட்சர்லாந்தோடு, அவர்கள் 75-வது நிமிடத்தில் கோல் போட்ட பிறகு 78-ல் ஒரேயடியாக மூன்று மாற்றம். இறுதி ஆட்டத்தில் பால்மர் என்ற இளைஞரை 70-வது நிமிடத்தில் இறக்கினார். 73-வது நிமிடத்தில் அவர் கோல் போட்டார்! "முதல்லயே இறக்கியிருந்தா?" என்று பேரன் தலையில் அடித்துக்கொண்டான். நானும்தான்.

சரி, அவர் பக்கமும் பேச வேண்டும். ஒருதலையாகத் தீர்ப்புச் சொன்னால் நான் டீச்சர் இல்லை. 1966-ல் உலகக் கோப்பை வாங்கியதற்குப் பிறகு இங்கிலாந்து ஆண்கள் அணி பெரிய போட்டி எதிலும் இறுதி ஆட்டத்துக்கே போனதில்லை. இவர் இரண்டு முறை கொண்டுபோனார். இவர் வருவதற்குச் சற்று முன்னால்தான் அந்த அணி ஐஸ்லாந்திடம் தோற்று யூரோ 2016-ஐ விட்டு வெளியேறியிருந்தது. ஒற்றுமை இல்லாத அணி என்று பேர் வாங்கியவர்களை ஒரு குடும்பம் மாதிரி ஆக்கினார். இன்னொன்று: 1996 யூரோ அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக பெனால்டியைத் தவறவிட்டவர் இவரேதான். தோல்வியின் கசப்பு என்னவென்று முழுசாகத் தெரிந்த மனிதர். அப்படிப்பட்டவர் ஜாக்கிரதையாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

அதோடு, துணிந்து ஏதாவது செய்து தோற்றால் ஊரே திட்டும். ஒன்றும் செய்யாமல் தோற்றால் "என்ன பண்றது, அதிர்ஷ்டம் இல்லை" என்பார்கள். கோச், தலைமையாசிரியர், வீட்டுப் பெரியவர் யாராக இருந்தாலும் சும்மா இருப்பதுதான் பாதுகாப்பு மாதிரித் தெரியும்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு யாருக்கு? என் மனசை உறுத்துவது அதுதான்.

வெம்ப்ளிக்குத் திரும்பிப் போங்கள். கூடுதல் நேரம் முடிந்து பெனால்டிக்குப் போகப்போகிறது. 120-வது நிமிடத்தில் ராஷ்ஃபோர்டு, சான்சோ என்ற இரண்டு இளைஞர்களை இறக்கினார். ஆட்டத்தில் பந்தை நன்றாகத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நேரே பெனால்டி அடிக்க வேண்டும். ராஷ்ஃபோர்டின் பந்து கம்பத்தில் பட்டது. சான்சோவின் பந்தை கோல்கீப்பர் தடுத்தார். கடைசி உதை சாகாவுக்கு. வயது 19. அதுவும் தடுக்கப்பட்டது. அன்று ராத்திரியே அந்த மூன்று கறுப்பினப் பிள்ளைகள் மேலும் நிறவெறி வசவு கொட்டியது.

இரண்டு மணி நேரமாகத் தள்ளித் தள்ளிப் போட்ட ஆபத்து கடைசியில் போய் விழுந்தது பிள்ளைகள் தலையில். அறுபதாவது நிமிடத்தில் அவர்களை இறக்கியிருந்தால் ஒரு பாஸ் தப்பியிருக்கலாம், ஒரு ஷாட் வெளியே போயிருக்கலாம். யார் அதை ஞாபகம் வைத்திருப்பார்கள்? 120-ல் இறக்கினால் தப்புக்கு இடமே இல்லை. பெரியவர்கள் பயந்து ஒத்திப்போடும்போது ஆபத்து குறைவதில்லை. நேரம் போனதும், தயாராக இல்லாத ஒருவர் மேல் அது மொத்தமாக இறங்குகிறது.

எதிர்ப்பக்கம் ஸ்பெயினைப் பாருங்கள். லமின் யமால் என்ற பையனை அவர்களுடைய கோச் டி லா ஃபுவெந்தே முதல் ஆட்டத்திலேயே முதல் நிமிடத்திலிருந்து ஆடவிட்டார். அப்போது அவனுக்கு வயது 16. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் 17 ஆனது. பெர்லினில் ஸ்பெயினின் முதல் கோலுக்குப் பந்து கொடுத்தது அவன். ஏழு ஆட்டத்தில் ஏழும் வெற்றி, 15 கோல். இங்கிலாந்தும் ஏழு ஆட்டம் ஆடியது, 8 கோல். டி லா ஃபுவெந்தேயும் சவுத்கேட்டும் இளையோர் அணிகளுக்குக் கோச்சாக இருந்து மேலே வந்தவர்கள்தான். ஒருவர் சின்னப் பையனுக்கு முதல் நாளே பந்தைக் கொடுத்தார். மற்றவர் வெம்ப்ளியில் கடைசி உதையைக் கொடுத்தார்.

இனி என் கதை.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, கேள்வியை வகுப்பு முழுவதற்கும் கேள், யோசிக்க நேரம் கொடு, பிறகு பெயர் சொல்லி எழுப்பு, எல்லாப் பிள்ளைக்கும் முறை வர வேண்டும் என்பது. பட்டயம் வாங்கி வேலைக்கு வந்ததும் அதை மறந்துவிட்டேன். ஆண்டாய்வு வரும் என்றால் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும். பதில் தெரிந்தவர்கள் வலது கை தூக்கணும், தெரியாதவர்கள் இடது கை தூக்கணும்! ஞாபகம் இருக்கிறதா? முதல் பெஞ்சு ஐந்தாறு பேரை வைத்து அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடுவேன். எல்லாரும் நல்ல வகுப்பு என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

ஒரு வருடம் அது பலிக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு. வந்த அதிகாரி கையைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசிப் பெஞ்சைக் காட்டி, "நீ வாப்பா" என்று ஒரு பின்னக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னார். அந்தப் பையனை ஜூனிலிருந்து ஒருநாள்கூட நான் பலகைக்குக் கூப்பிட்டதில்லை. அவன் போட்டு முடிப்பதற்குள் பாடவேளை போய்விடும், போர்ஷன் முடியாது என்று பயம். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு கோடுகூடப் போடவில்லை. அதிகாரி ஒன்றும் சொல்லாமல் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு வகுப்பு முழுவதும் கேட்க நான் சொன்னேன்: "என் மானத்தை வாங்கிட்டியேடா."

அவன் சாக்பீஸ் தூளை டிராயரில் துடைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க, முன்னால் இருந்த உயரமான பையனின் முதுகுக்குப் பின்னால் மறைந்துதான் உட்காருவான். என் கண்ணில் படக்கூடாது என்பதற்காக.

சவுத்கேட்டாவது வெம்ப்ளியில் தோற்றதும், யார் பெனால்டி அடிப்பது என்று முடிவு செய்தது நான்தான், பொறுப்பு என்னுடையது என்று உலகத்தின் முன்னால் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் சாகாவைக் கைவிடவும் இல்லை. இந்த யூரோவில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகச் சமன் செய்த கோலும் சாகா போட்டது, அதன்பின் பெனால்டியிலும் அடித்தார். நான் செய்தது பழியைப் பத்து வயதுப் பையன் மேல் போட்டதுதான். அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. பேரன் "ஒழிஞ்சார்" என்றபோது, அவனோடு சேர்ந்து சிரிக்க எனக்கு வாய் வராததற்குக் காரணம் இதுதான்.

தாமதமாகத்தான் புத்தி வந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள், பள்ளி திறந்த ஜூன் மாதத்திலேயே கடைசிப் பெஞ்சிலிருந்து பலகைக்குக் கூப்பிட ஆரம்பித்தேன். தப்பாகப் போட்டால் என்ன? ஜூன்தானே, திருத்த நேரம் இருக்கிறது. போர்ஷன் கொஞ்சம் பின்தங்கியது உண்மை. ஆனால் ஆண்டாய்வு அன்று என் நெஞ்சு அடித்துக்கொள்வது நின்றுபோனது.

உங்களில் பலர் இன்று நாலு பேரை வைத்து வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறீர்கள். சிலர் ஆசிரியர்கள். பலர் பெற்றோர். ஜாக்கிரதையாக இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சின்னவர்களுக்கு வாய்ப்பைக் கொடுப்பதாக இருந்தால், தப்பு நடந்தாலும் பெரிய நஷ்டம் இல்லாத நேரத்தில் கொடுங்கள். எல்லாம் கைமீறிய பிறகு "நீ போய்ப் பார்" என்று தள்ளிவிடாதீர்கள்.

அந்த மாணவனின் பெயரை இங்கே எழுதமாட்டேன். இதைப் படித்தால் அவனுக்குத் தெரியும். தம்பி, அன்று பலகை முன்னால் தோற்றது நீ இல்லை, நான். நீ எங்கே இருந்தாலும் ஒரு போன் பண்ணு. உன்னோடு படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் அவனிடம் சேர்த்துவிடுங்கள்.

சவுத்கேட் விலகியதும் பேரன் அடுத்த கோச் யார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். "யார் வந்தாலும் பால்மரை முதல்லயே இறக்கணும், இல்ல ஆச்சி?" என்றான். ஆமாம் என்று சொன்னேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். சவுத்கேட்டுக்குப் பரிந்து பேசுகிறவர்களும் எழுதலாம், கோபப்பட மாட்டேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்