படகில் வேலை, வீட்டில் கடமை

மே மாதம் பிறந்தால் கோவைக் குடும்பங்கள் ஊட்டிக்கும் வால்பாறைக்கும் கிளம்பும். கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி ஆலப்புழைக்குப் போய்ப் படகு வீட்டில் ஓர் இரவு தங்கும். சென்ற ஆண்டு நாங்களும் போனோம்: கணவர், அவருடைய அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்.

அந்தப் படகுக்குப் பெயர் கெட்டுவள்ளம். குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்த சரக்குப் படகு. ஆணி அடிக்காமல் ஆஞ்சிலிப் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டியது. சாலையும் லாரியும் வந்தபின் வேலையிழந்து கிடந்த வள்ளங்களுக்கு 1990களில் கூரை வேய்ந்து, கட்டில் போட்டுச் சுற்றுலாவுக்கு விட்டார்கள். மட்டையை அடித்து நாராக்கிக் கயிறு திரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இன்று நம் பொள்ளாச்சி நார்த் தொழிற்கூடங்களின் தூசிக்குள் நிற்பவர்களிலும் பெண்களே அதிகம். ஆனால் நாங்கள் ஏறிய படகின் வேலையாட்களில் ஒரு பெண்கூட இல்லை. ஓட்டுநர், சமையல்காரர், உதவியாளர் என மூவரும் ஆண்கள்.

ஆண்கள் சமைத்து, பரிமாறி, பாத்திரம் துலக்கி, படுக்கை விரித்து, கழிவறை கழுவும் ஒரு வீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். யாருடைய ஆண்மையும் காயலில் விழுந்துவிடவில்லை. மீனவர்கள் வலை போடும் நேரமென்று சாயங்காலமே படகைக் கரையில் கட்டினார்கள். காற்றடங்கிய அந்தக் கரையில் மீன்வறுவலோடு சோறு வந்தது. சாப்பிட்டதும் அத்தை எழுந்து தட்டுகளை அடுக்கினார். “வேண்டாம்மா, அது எங்க வேலை” என்று உதவியாளர் வாங்கிக்கொண்டார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அத்தை மடியில் வைத்துக்கொண்டார். படுக்கும்போது என்னிடம் சொன்னார்: “கல்யாணமாகி அம்பது வருசத்துல, சூடா இருக்கறப்பவே உக்காந்து சாப்புட்டது இன்னைக்குத்தான் அம்மணி.”

மறுநாள் காலையில் சமையல்காரரிடம் கேட்டேன், “வீட்டிலும் நீங்கதான் சமைப்பீங்களா?” அவர் சிரித்தார். “வீட்டுல அவளல்லவா டீச்சர். அங்கே எனக்கு லீவு.”

அதே கை, அதே கரண்டி. தண்ணீரில் சம்பளம் வரும் வேலை, தரையிறங்கியதும் மனைவியின் கடமையாகிவிடுகிறது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். செய்கிற ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். இதிலும் ஆண்களில் செய்கிறவர்களே நான்கில் ஒருவர்தான்.

“அன்பால் செய்வதற்குக் கூலியா கேட்பது?” என்பார்கள். அந்தச் சமையல்காரரும் அன்பாகத்தான் பரிமாறினார். அதற்காகப் படகுக்காரர் கட்டணத்தைக் குறைக்கவில்லை. 2023 செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கொடுக்கத் தொடங்கியது. சலுகை என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னதை வரவேற்கிறேன். ஆனால் நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று கணக்குப் போட்டால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. அரசு எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அடுப்படியில் நிற்கும் ஆள் மாறாவிட்டால், அந்தப் பணம் அவளை அங்கேயே நிறுத்தி வைக்கும் கூலியாகிவிடும். ஆகவே தொகையும் வேண்டும், ஆளும் மாற வேண்டும்.

ஊர் திரும்பிய அன்று இரவு கணவர் பையை வைத்துவிட்டு, “அப்பாடா” என்று சோபாவில் சாய்ந்தார். அத்தை நேராக அடுப்படிக்குப் போனார். “நீங்க உக்காருங்கத்தை” என்றேன். கணவரிடம், “ஏனுங்க, படகுல மூணு ஆம்பளைங்க செஞ்சாங்கல்ல? இன்னைக்கு நீங்களும் தம்பியும் செய்ங்க” என்றேன். ஓட்டலில் வாங்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். தோசை கருகித்தான் வந்தது. அத்தை உட்கார்ந்தபடியே, சூடாகச் சாப்பிட்டார்.

ஒரு வேளை தோசையை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். மறுநாள் விடிந்ததும் காப்பிக்குப் பால் காய்ச்சியது யார் என்பதில்தான் எங்கள் வீட்டுச் சண்டை இன்னும் நடக்கிறது. உங்கள் வீட்டிலும் அதைத் தொடங்குங்கள்.