சுரைக்காய் எங்கே?

ஃபைபரில் செய்தால் அது வீணையா என்று கேட்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான்: உங்கள் வீணையின் சுரைக்காய் எங்கே?

தண்டியின் யாளிப் பக்கம் தொங்கும் அந்தச் சின்னக் குடம் ஒரு காலத்தில் நிஜச் சுரைக்குடுக்கை. இன்று பல வீணைகளில் அது காகிதக்கூழ், இல்லையென்றால் ஃபைபர். சாஸ்திரம் கெட்டுப்போச்சு என்று யாரும் அழவில்லை. அதே ஃபைபர் பெரிய குடத்துக்கு வந்து, கூடவே ஒரு பிக்கப்பும் ஏறினால் மட்டும் மரபுக்கு ஆபத்து வந்துவிடுகிறது.

மரம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. சாதாரண வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியே குடத்தின் மேற்பலகைக்குப் போய்த்தான் ஒலியாகிறது. அங்கே பலா வேலை செய்கிறது. மின் கிதாரில் கதை வேறு: கம்பியின் அசைவைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்சாரமாக்குகின்றன. அதனால்தான் 1950களில் டேன்எலெக்ட்ரோ கம்பெனியால் மரநாரை அழுத்திச் செய்த மேசனைட் அட்டையில் கிதார் பண்ண முடிந்தது; ஜிம்மி பேஜ் அதை வாசித்தார். 1969இல் ஆம்பெக், கண்ணாடி மாதிரித் தெரியும் அக்ரிலிக்கில் ஒன்று செய்தது. அதே வருஷம் கீத் ரிச்சர்ட்ஸ் அதோடு மேடை ஏறினார்.

"ராக் சரி, கமகம் வருமா?" கமகம் பிறப்பது தந்தியை மெட்டின் மேல் இழுக்கும் விரலில். 24 மெட்டும் இடம் பிசகாமல் இருந்தால்தான் அது சுருதியில் நிற்கும். தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கலவையில் அவற்றைக் காதால் கேட்டுக் கேட்டு, மயிரிழை நகர்த்திப் பதிக்கிறார்கள். மேளம் கட்டுவது என்று பெயர். தஞ்சாவூர் வீணையின் தஞ்சாவூர் அங்கேதான் இருக்கிறது. மரத்தில் இல்லை. டெல்டா நெல் விளையும் பூமி. பலாக்கட்டை பண்ருட்டிப் பக்கமிருந்து வருகிறது. இந்த 24 மெட்டு அமைப்பே 17ஆம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு அதுவும் புதுசுதானே?

2013இல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்தோம். சந்தோஷம். ஆனால் சான்றிதழ் மேளம் கட்டுகிறவருக்கு ஆர்டர் தராது. மின்னணு வீணை வேண்டுமென்றால் பெங்களூரு ரேடல் நிறுவனத்தைத்தான் தேடுகிறோம். அந்த வேலை ஏன் தஞ்சாவூரில் நடக்கக் கூடாது? சிக்கல்கள் உண்டு. மந்தரத்துக்குப் பித்தளைக் கம்பி போட்டால் காந்தப் பிக்கப்புக்கு அது கேட்கவே கேட்காது. இதையெல்லாம் தீர்க்க எஞ்சினியரும் ஆசாரியும் ஒரே பட்டறையில் உட்கார வேண்டும், அவர் காதுக்கும் கூலி கொடுத்து.

அடுத்த முறை யாராவது "பலா இல்லாத வீணையா?" என்று முகம் சுளித்தால், கடைசியாக எப்போது தஞ்சாவூரில் ஒரு வீணைக்கு முன்பணம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள்.